சல்லடையில் தங்கியது

மண்ணூர்பேட்டை
2 ஆகஸ்ட் 2024

அன்புள்ள பிரியாவுக்கு,

அக்கா வசந்தா எழுதுவது. இங்கே எல்லோரும் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம். புனேவில் மழை கொட்டுகிறதாம், டிவியில் சொன்னார்கள். துணி காய்கிறதா? ராத்திரியில் சோறு வடிக்கிறாயா, இல்லை இன்னும் பிஸ்கட்தானா?

போன் இருக்கும்போது இவள் ஏன் கடுதாசி போடுகிறாள் என்று நினைப்பாய். இந்த வீட்டில் போன் என்றால் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிற சாமான். நான் வைத்ததும் மாமியார், "இன்னாவாம் உன் தங்கச்சிக்கு?" என்பார். மெசேஜ் அனுப்பினால் உன் மாமா பார்ப்பார், அது அவருடைய நம்பர்தானே. அதனால்தான் தபால். பதிலை வீட்டுக்குப் போடாதே. சுரேகாவின் பேன்சி ஸ்டோர் விலாசம் கீழே இருக்கிறது. நூலும் கொக்கியும் வாங்கப் போகும்போது எடுத்துக்கொள்வேன்.

விஷயம் இதுதான். உன் மாமா அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் கிரேன் ஓட்டுகிறார் அல்லவா. போன மாதம் கிரேன் ஆட்களுக்கெல்லாம் இதயப் பரிசோதனை வைத்தார்கள். மார்பில் ஸ்டிக்கர் ஒட்டி, இடுப்பில் சின்னப் பெட்டி ஒன்றைக் கட்டி, ஒரு நாள் முழுக்கக் கழற்றக் கூடாது. கோளாறு என்றால் கிரேனை விட்டு இறக்கிவிடுவார்கள். காண்ட்ராக்ட் ஆளை இறக்கினால் அப்புறம் கேட்டுக்குள் விடமாட்டார்கள்.

ரிப்போர்ட் வந்துவிட்டது. எல்லாம் சரியாக இருக்கிறதாம். மாமியார் திருமுல்லைவாயில் கோயிலுக்குப் போய் அம்மனுக்கு மாலை போட்டுவிட்டு வந்தார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. எல்லோருக்கும் ஒரே தாளை அச்சடித்துக் கொடுத்துவிட்டார்களோ என்று தோன்றுகிறது. நீ அங்கே இந்த இதயத் துடிப்பைத்தானே கம்ப்யூட்டரில் ஆராய்கிறாய்? ரிப்போர்ட்டோடு ஒரு பென் டிரைவ் கொடுத்தார்கள். அனுப்பட்டுமா?

மாமாவிடம் மூச்சு விடாதே.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.
வசந்தா


புனே
9 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

பிஸ்கட் இல்லை, உப்புமா. துணி காயாமல் ஈர வாடையோடுதான் ஆபீசுக்குப் போகிறேன். நீ எப்படி இருக்கிறாய்? எழிலுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் ஏறுகிறதா? அத்தைக்கு முட்டி வலி தேவலையா?

உன் கடிதத்தைப் பார்த்ததும் பயந்துவிட்டேன். வளைகாப்புக்கே வாட்ஸ்அப்பில் அழைக்கிறவள் நீ.

முதலில் ஒன்று. நான் டாக்டர் இல்லை. இதயத்திலிருந்து வருகிற மின்சாரக் கோட்டில் எது இதயம், எது குப்பை என்று பிரிக்கிற கணக்கு எழுதுவதுதான் என் வேலை. அந்த ஸ்டிக்கர் இதயத்தை மட்டும் கேட்காது. இருமினாலும், மாடி ஏறினாலும், பஸ்ஸில் குலுங்கினாலும் எல்லாம் அந்தக் கோட்டில் வந்து விழும். நீ மாவு சலிக்கிற மாதிரி, பெரிய கண், சின்னக் கண் என்று பல சல்லடைகளை அடுக்கிச் சலிக்கிறோம். ஒவ்வொரு சல்லடையும் ஒரு குட்டி அலை. வேவ்லெட் என்பார்கள், தமிழில் சிற்றலை. அதை இழுத்தும் சுருக்கியும் கோட்டின் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே போனால், ஒரு நடுக்கம் எவ்வளவு பொடியானது என்பதும் தெரியும், அது எப்போது வந்து எப்போது போனது என்பதும் தெரியும்.

பென் டிரைவை அனுப்பு. ஆனால் மறைக்காமல் சொல். கெட்ட ரிப்போர்ட் வந்தால்தான் ஜனங்கள் சந்தேகப்படுவார்கள். நல்ல ரிப்போர்ட்டை நீ ஏன் சந்தேகப்படுகிறாய்? மாமாவுக்கு ஏதாவது செய்கிறதா?

எழிலுக்குச் சித்தியின் முத்தம்.
பிரியா


மண்ணூர்பேட்டை
16 ஆகஸ்ட் 2024

அன்புள்ள பிரியா,

சௌக்கியம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். மாமியார் முட்டிக்குத் தைலம் தேய்த்துத் தேய்த்து வீடே நாறுகிறது. ஆடி முடிகிற நாளிலும் மஞ்சள் ஜாக்கெட் ஆர்டர் தீரவில்லை. நீ ஈரத் துணியைப் போட்டுச் சளி பிடித்துக்கொள்ளாதே.

கேட்டாய் அல்லவா, செய்கிறதா என்று. செய்கிறது. குனிந்து வேலை பார்க்கும்போது திடீரென்று நெஞ்சுக்குள் ஒரு படபடப்பு, கையில் பிடித்த கோழி இறக்கை அடிக்கிற மாதிரி. கண் இருட்டிக்கொண்டு வரும். கையில் இருப்பதைக் கீழே வைக்கலாம் என்றால் விரல் சொன்னபடி கேட்காது. கொஞ்ச நேரத்தில் தானாக விட்டுவிடும். முதுகெல்லாம் வியர்த்துத் துணி ஒட்டிக்கொள்ளும். யாரிடமும் சொல்வதில்லை. சொன்னால் மாமியார், "வெயில்ல சுத்துனா அப்டித்தான்" என்று முடித்துவிடுவார்.

கொக்கி டப்பாவில் பஞ்சு வைத்துப் பென் டிரைவை அனுப்பியிருக்கிறேன். சீக்கிரம் பார்.

வசந்தா


புனே
30 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சளி பிடித்துவிட்டது, நீ வாய் வைத்தபடியே. உனக்குத் தூக்கம் வருகிறதா? இதைப் படித்த பிறகு வராது, மன்னித்துக்கொள்.

அந்த லேப்காரர்கள் பொய் எழுதவில்லை, சோம்பல் பட்டிருக்கிறார்கள். பகல் நேரத்துக் கோட்டில் பாதியை ‘அசைவு, படிக்க முடியவில்லை’ என்று ஒதுக்கிவிட்டு, மிச்சம் இருந்த சுத்தமான பகுதியை மட்டும் பார்த்து எல்லாம் சரி என்று எழுதிவிட்டார்கள். ஒதுக்கியதை நான் சலித்தேன். நடுக்கத்துக்கு அடியில் இதயம் தாளம் தப்பித் தலைதெறிக்க ஓடியிருக்கிறது. ஒரு தடவை இல்லை, பல தடவை.

எங்கள் ஆபீசுக்கு ஆலோசனை சொல்ல வருகிற இதய டாக்டர் ஷர்மிளாவிடம் காட்டினேன். பேர் சொல்லவில்லை. "இந்த ஆள் இன்னும் வேலைக்குப் போகிறாரா?" என்று கேட்டார். இதயத்தின் கீழ் அறையிலிருந்து கிளம்புகிற ஓட்டமாம். இதுவரை தானாக நின்றுவிட்டது. ஒருநாள் நிற்காவிட்டால் ஆள் இருந்த இடத்திலேயே விழுவார் என்றார். கிரேன் மேலே உட்கார்ந்திருக்கிற ஆள், அக்கா!

அதனால் உன் பேச்சை மீறி மாமாவுக்குப் போன் செய்தேன். "எனக்கா? கல்லு மாதிரி கீறேன் பிரியா. மயக்கமாவது ஒண்ணாவது. அக்கா உன்கிட்ட வத்தி வெச்சாளா?" என்று சிரித்தார். அன்றைக்குப் பெட்டியை நாள் முழுக்கக் கட்டியிருந்தீர்களா என்று கேட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது. "அதெல்லாம் கரெக்டா போட்டுக்கினேன்" என்று வைத்துவிட்டார்.

மாமா எதையோ மறைக்கிறார். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போ.

பிரியா


மண்ணூர்பேட்டை
6 செப்டம்பர் 2024

பிரியா,

அடிப்பாவி! மூச்சு விடாதே என்று எழுதினேனா இல்லையா? உன் சளி குணமாகட்டும், அப்புறம் உன்னைப் பேசிக்கொள்கிறேன்.

அன்று வந்ததும் வராததுமாக, டிபன் பாக்ஸைக்கூடக் கீழே வைக்காமல், "இன்னா சொன்ன உன் தங்கச்சிகிட்ட? மிசினப் பத்தி இன்னா சொன்ன?" என்று பிடித்துக்கொண்டார். மாமியார் உடனே, "இன்னாடா எத்திராஜி, இன்னா மிசினு?" என்று எழுந்து வந்துவிட்டார். மிக்சி ரிப்பேர் என்று சொல்லிச் சமாளித்தேன். உன்னைப் பார்க்கத்தான் சொன்னேன், ஊரைக் கூட்டச் சொல்லவில்லை.

பொதுவாக ஒன்று கேட்கிறேன். இந்த மாதிரி இதயம் இருக்கிறவர்கள் எத்தனை காலம் இருப்பார்கள்? மாத்திரை உண்டா? கத்தி வைப்பார்களா? எழிலுக்கு மார்ச்சில் பரீட்சை. அதுவரைக்கும் தாங்குமா?

கை தவறிக்கொண்டே இருக்கிறது. நேற்று ஒரு ஜாக்கெட்டுக்குக் கையை மாற்றி வைத்துத் தைத்துவிட்டேன்.

வசந்தா


புனே
13 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

திட்டியது போதும், சளி போய்விட்டது. நீ சாப்பிடுகிறாயா? உன் எழுத்து கோணிக்கொண்டு போகிறது.

மாத்திரை உண்டு. கால் வழியாக மெல்லிய கம்பி விட்டு, கெட்ட இடத்தை மட்டும் சுட்டுவிடுகிறார்களாம். பார்த்துவிட்டால் நூறு வயசு இருக்கலாம். பார்க்காவிட்டால்தான் ஆபத்து.

இப்போது நான் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கிரேன் ஓட்டினால் உடம்பில் மெதுவான, கனமான ஆட்டம் விழ வேண்டும். அது பெரிய கண் சல்லடையில் தங்க வேண்டும். பெரிய சல்லடை காலியாக இருக்கிறது. அதற்குப் பதிலாக ஒரு பொடி நடுக்கம், ஏதோ மோட்டார் விட்டு விட்டு ஓடுகிற மாதிரி பகல் முழுக்க வருகிறது. கிரேனில் அப்படி ஒரு மோட்டார் கிடையாது.

அன்றைக்கு மாமா வேலைக்கே போகவில்லை, அக்கா. எங்கே போனார்? யார் வீட்டில் என்ன மோட்டார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்? உன்னிடம் பொய் சொல்கிறவர் உடம்பைப் பற்றியும் பொய்தான் சொல்வார். அந்த ஸ்டிக்கர் எடுத்த இடத்தில் பல நாள் சிவந்து தடித்திருக்கும். அவர் மார்பில் அந்தத் தடத்தை நீ பார்த்தாயா?

பதில் எழுது.
பிரியா


மண்ணூர்பேட்டை
27 செப்டம்பர் 2024

பிரியா,

எல்லோரும் நலம். தீபாவளி ஆர்டர் குவிந்துவிட்டது, அதனால்தான் எழுத நேரமில்லை.

அவர் வேலைக்குத்தான் போனார். எலுமிச்சம் சாதம் கட்டிக் கொடுத்தவள் நான். அந்த மனுஷன் பொய் சொல்லத் தெரியாமல்தான் இந்த வீட்டில் பாதிச் சண்டை வருகிறது. அவர் மேல் சந்தேகப்படாதே. தடத்தை எல்லாம் யார் உட்கார்ந்து பார்க்கிறார்கள்?

லேப்காரன் சரி என்று எழுதிவிட்டான். கம்பெனியும் ஒப்புக்கொண்டது. நீ பென் டிரைவைத் தூக்கிப் போட்டுவிட்டு உன் வேலையைப் பார். நான் கேட்டதே தப்பு.

வசந்தா


புனே
4 அக்டோபர் 2024

அக்கா,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. கூரியரில் அனுப்புகிறேன், நாளை வந்துவிடும். உன்னை உட்காரவைத்துக் கையில் கொடுக்கும்படி சுரேகாவுக்குப் போன் செய்து சொல்லியிருக்கிறேன்.

தூக்கிப் போடு என்று நீ எழுதியதால்தான் மறுபடி எடுத்தேன். இத்தனை நாள் அந்தப் பொடி நடுக்கத்தைக் குப்பை என்று ஒதுக்கிவிட்டு இதயத்தை மட்டும் பார்த்தேன். இந்தத் தடவை இதயத்தை ஒதுக்கிவிட்டுக் குப்பையை வரைந்தேன். நீளமாக ஓர் ஓட்டம், நிறுத்தம். மறுபடி அதே நீளத்தில் ஓர் ஓட்டம். அது பக்கத் தையல். பிறகு குட்டிக் குட்டி ஓட்டங்கள். அது கொக்கிப் பட்டி. ஒவ்வொரு ஓட்டமும் முடிகிற இடத்தில் முன்னே பின்னே ரிவர்ஸ் போட்டு, நின்று, சந்தேகம் தீராமல் இன்னொரு சின்ன ஓட்டம். அவிழ்ந்துவிடுமோ என்று எப்போதும் கூடுதலாக ஒன்று போடுவாயே, அது.

பத்தாவது படிக்கும்போது உன் தையல் மெஷின் சத்தத்தின் பக்கத்தில் படுத்துத்தான் தூங்கினேன். ஆபீசில் எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன்.

பெட்டி இருந்தது உன் இடுப்பில். அது உன் இதயம், அக்கா. கோழி இறக்கை அடித்தது உன் நெஞ்சில். மார்ச் வரைக்கும் தாங்குமா என்று நீ கேட்டது உன்னைப் பற்றி. நான் பாட்டுக்கு மாமாவை யார் வீட்டுக்கோ அனுப்பிக்கொண்டிருந்தேன், நீ பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாய். எனக்கு உன் மேல் வருகிற கோபத்துக்கு அளவே இல்லை.

போனில் சொன்னால் ஸ்பீக்கர். நேரில் வந்து நின்றால் அத்தை. அதனால்தான் இதை முன்னால் அனுப்புகிறேன். நாளை மறுநாள் காலை சென்ட்ரலில் இறங்கி அம்பத்தூருக்கு மின்சார ரயில் பிடிக்கிறேன். மாமாவிடம் நீயே சொல்லி வை. அதுவரைக்கும் மெஷினில் உட்காராதே. தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு குளிக்காதே.

பிரியா


மண்ணூர்பேட்டை
8 நவம்பர் 2024

அன்புள்ள பிரியாவுக்கு,

நன்றாக இருக்கிறேன். இந்தத் தடவை எழுதுவதற்காக எழுதவில்லை, நிஜமாகவே நன்றாக இருக்கிறேன். நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா, லீவு எடுத்ததற்கு ஆபீசில் ஏதாவது சொன்னார்களா?

கம்பி விட்டுச் சுட்ட பிறகு நெஞ்சுக்குள் அந்தக் கோழி வரவில்லை. ஒரு மாதிரி அமைதியாக இருக்கிறது, அதுவே புதுசாக இருக்கிறது. தை மாசம் வரைக்கும் மெஷினில் உட்காரக் கூடாது என்று டாக்டர் அம்மா மறுபடியும் சொன்னார். தீபாவளி ஜாக்கெட் எல்லாம் பாதியில் கிடந்து, வந்தவர்களெல்லாம் என்னைப் பேசிவிட்டுத் துணியை எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஆஸ்பத்திரியில் பத்து நாள் பக்கத்திலேயே இருந்தாய். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்கவே இல்லை. கேட்காததால் சொல்கிறேன். அவருடைய அண்ணன் துலுக்கானம், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே நெஞ்சடைத்துச் செத்துப்போனவர், உனக்குத் தெரியும். பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்று உன் மாமா சட்டையைக் கழற்றிவிட்டு வயரையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கும் அண்ணன் மாதிரிதான் வசந்தா. இந்த மிசின்ல தெரிஞ்சிடும், எறக்கிடுவாங்க" என்றார். என்னைக் கட்டிக்கொள்ளச் சொல்லி அவர் கேட்கவில்லை. நான்தான் ஸ்டிக்கரைப் பிய்த்தேன். "எல்லார் நெஞ்சும் ஒரே மாதிரிதான அடிக்குது, எங்கிட்ட குடு" என்றேன். வயர் கலர் பார்த்து என் மேல் ஒட்டிவிட்டவர் அவர். இதயத்துக்கு முகம் உண்டு என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது.

ரிப்போர்ட் சரி என்று வந்ததும் அவர் அழுதார், என் நெஞ்சு நல்ல நெஞ்சு என்று. எனக்குத் தெரியுமே, நல்ல நெஞ்சு இல்லை என்று. யாரிடம் போய்ச் சொல்வேன்? என் நெஞ்சு என்று சொன்னால் அவர் வேலை போய்விடும்.

போன வாரம் சேஃப்டி ஆபீசர் ஞானசேகரனிடம் அவரே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அந்த மனுஷன் கத்தித் தீர்த்துவிட்டு, கீழே நின்று சங்கிலி மாட்டுகிற வேலைக்குப் போட்டிருக்கிறார். மறுபடி பெட்டி கட்ட வேண்டும். அது சரியாக வந்தால் மேலே ஏறலாம், இல்லையென்றால் கேட்டுக்கு வெளியே. அந்தப் பென் டிரைவையும் உனக்கு அனுப்பச் சொல்கிறார். லேபை அவரும் நம்பவில்லை.

வசந்தா


புனே
29 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. ஆபீசில் ஒன்றும் சொல்லவில்லை. நீ மாத்திரையை விடாமல் போடுகிறாயா? அத்தை இப்போதாவது உன்னை உட்கார விடுகிறாரா?

பென் டிரைவ் வந்தது. பகலில் கிரேன் கூடத்தின் கனமான ஆட்டம் பெரிய சல்லடையில் தெளிவாக இருக்கிறது. இதயம் சுத்தம். கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி சுத்தம். சந்தோஷமாக எழுத உட்கார்ந்தேன்.

பிறகு சாயங்காலப் பகுதியைச் சலித்தேன். மறுபடியும் தையல் மெஷின்.

என்ன நடக்கிறது அந்த வீட்டில்? இதயத்தின் வடிவம் காலையிலிருந்து கடைசிவரை ஒரே ஆளுடையது, உன்னுடையது இல்லை, அதையும் பார்த்துவிட்டேன். பக்கத்தில் நீ தைத்து அவர் சும்மா உட்கார்ந்திருந்தால் இந்த அளவு நடுக்கம் விழாது. கையே மெஷினில் இருந்திருக்கிறது. கிரேன் பக்கத்தில் நிற்கவும் தெரிந்து, தைக்கவும் தெரிந்த அந்த ஆள் யார்? எனக்குத் தெரிந்து மாமாவுக்கு ஊசியில் நூல் கோர்க்கத் தெரியாது. உன் பழக்கமும் அதில் இல்லை. ஓட்டம் தாறுமாறாகப் போகிறது, முடிவில் ரிவர்ஸே கிடையாது. கம்பெனியில் தையல் தெரிந்த எவனுக்காவது கட்டிவிட்டாரா? அப்படி இருந்தால் அவர் இதயம் எப்படி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தெரியாமல் அவர் மேலே ஏறக் கூடாது.

எழில் தலைமேல் சத்தியம் செய்து எழுது. சத்தியம் இல்லாத கடிதம் வேண்டாம்.

பிரியா


மண்ணூர்பேட்டை
7 டிசம்பர் 2024

அன்புள்ள பிரியாவுக்கு,

மாத்திரை போடுகிறேன். மாமியார் காபி கலந்து கையில் கொடுக்கிறார், நம்புவாயா? குளிருக்கு ஸ்வெட்டர் வாங்கிக்கொள். ஈரத் துணியோடு போகாதே.

எழில் தலைமேல் சத்தியம். அது உன் மாமாதான். காலையிலிருந்து மறுநாள் காலைவரைக்கும் அவர் இடுப்பில்தான் இருந்தது. ஸ்டிக்கர் எடுத்த இடம் சிவந்து தடித்திருந்தது, இந்தத் தடவை நான் உட்கார்ந்து பார்த்தேன்.

என்னை மெஷின் பக்கம் விடமாட்டேன் என்று அவரே உட்கார்ந்துவிட்டார். கார்த்திகைக்கு வந்த பாவாடை ஆர்டர் எல்லாம் அவர் தைத்ததுதான். தையலா அது? பூந்தமல்லி ரோட்டில் பள்ளம் தோண்டின மாதிரி போகிறது. தினமும் நான் பிரிக்கிறேன், அவர் மறுபடி தைக்கிறார். மாமியார் பார்த்துவிட்டு, "இன்னாடா எத்திராஜி, கிரேன் ஓட்றியா துணி தெக்கிறியா?" என்று கேட்க, அவர் பெடலைவிட்டுக் காலை எடுக்காமலே, "ரெண்டும் ஒண்ணுதாம்மா, மெதுவா எறக்கணும்" என்கிறார். உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "தெக்கத் தெரிஞ்ச எவனோவாம்!" என்று அந்த ஒரு வரியை மட்டும் திருப்பித் திருப்பிப் படிக்கச் சொன்னார்.

திங்கட்கிழமை மேலே ஏறுகிறார். ஞானசேகரன் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

முடிவில் ரிவர்ஸ் இல்லை என்று எழுதியிருந்தாய் அல்லவா. நேற்று கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். முன்னே பின்னே ஓட்டி, நிறுத்தி, கூடுதலாக ஒன்று. இனிமேல் உன் சல்லடையில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் விழுவோம், நீ யாரை வேண்டுமானாலும் சந்தேகப்பட்டுக்கொள்.

அக்கா,
வசந்தா